வலி லீவு போட்ட புதன்கிழமை

இடுப்புதானே சார்? சொல்ல வேணாம், நீங்க ஏறும்போதே கண்ணாடியில பாத்துட்டேன். ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சு, உடம்பை ஒருக்களிச்சு, ஒரு காலை மேல வச்சு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அப்புறம் இன்னொரு காலு. இந்த ஏத்தத்தை நான் எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிச்சிருவேன். முதுகெலும்புல எல் ஃபோர், எல் ஃபைவ்? அப்படிச் சொல்லுங்க! நமக்கும் அதே நம்பர்தான்.

இந்தா, இந்த ஒத்தை சீட்டுல உக்காருங்க, பானெட்டுக்குப் பக்கத்துல. பின்னாடி போயிறாதீங்க. கடைசி சீட்டுக்கும் எனக்கும் ஒரு கதை இருக்கு, வருது. கண்டக்டர் முபாரக் பாய், சாருக்கு நாகலாறு விலக்கு டிக்கெட் ஒண்ணு போடுங்க. அங்கதானே சார்? எண்ணெய் வைத்தியர்கிட்டத்தானே? பின்ன, எக்ஸ்ரே கவரைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நாகலாறு விலக்குக்கு யாரு பொண்ணு பாக்கவா போவாங்க?

மேல எழுதியிருக்கிறதைப் பாக்குறீங்க. 'ஓட்டுநருடன் பேசாதீர்.' சரி, நீங்க பேசாதீங்க. ஓட்டுநர் உங்ககூடப் பேசக்கூடாதுன்னு எங்கேயும் எழுதல. என் கண்ணு ரோட்டுலதான் இருக்கும், பயப்படாதீங்க. இருபத்திரெண்டு வருசத்துல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல.

எம்பேரு காசிமாயன். ஒம்பது வருசமாச்சு சார் இந்த வலி எங்கூடக் குடித்தனம் நடத்த ஆரம்பிச்சு. அப்ப எனக்குக் குடுத்த வண்டியில டிரைவர் சீட்டு ஸ்பிரிங் செத்துப் போய் ஒரு பக்கமா அமுங்கிக் கெடக்கும். சாக்கை மடிச்சுப் போட்டு அது மேல உக்காந்து ஓட்டினேன். ஒரு நா காலையில ஷூ மாட்டக் குனிஞ்சேன் பாருங்க, குனிஞ்சவன் நிமிரல. அன்னையிலருந்து எம்பொண்டாட்டி ஜெயக்கொடிதான் எனக்கு ஷூ மாட்டி விடுறா. அப்புறம் கிளட்ச்சு மிதிக்கிற முழங்காலு சேந்துக்கிச்சு. அப்புறம் தோள்பட்டை. சொந்தக்காரங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து இறங்குற மாதிரி வந்து இறங்கிச்சு.

இந்த ரூட்டுல நாப்பத்தோரு வேகத்தடை சார். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது எந்த மேடுன்னு இடுப்பை வச்சே சொல்லிருவேன். இந்தா வருது பாருங்க, பள்ளிக்கூடத்து மேடு. கம்பியப் பிடிச்சு லேசா எந்திரிச்சுக்கங்க. அப்படித்தான். ஆச்சா? தெரிஞ்சுச்சா ஏதாச்சும்? தெரியாது! தூங்குற புள்ளைய தொட்டில்ல மாத்துற மாதிரி ஏத்தி இறக்கணும். முன்னாடி சக்கரம் ஏறும்போது ஒரு மூச்சு, பின்னாடி சக்கரத்துக்கு ஒரு மூச்சு. எனக்கு இந்த வேலையே பிடிக்காது சார், அது வேற விசயம்.

வைத்தியம் என்னென்ன பாத்தீங்க? நான் பாக்காததே இல்ல. மாத்திரை தின்னேன், வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். படுக்கப் போட்டு காலுல எடை கட்டித் தொங்க விட்டாங்க. பதினஞ்சு நாள் தொங்கினேன், அரை இஞ்சு வளந்திருப்பேன், வலி குறையல. கரண்ட்டு வச்சாங்க. சுகமாத்தான் இருந்துச்சு, வயரைக் கழட்டினதும் போயிருச்சு. ஊசி குத்துற வைத்தியம்னு ஒண்ணு, முதுகு பூராம் ஊசியைக் குத்திட்டு அந்தாளு சாப்பிடப் போயிட்டாரு. கேரளாவுல போய் எண்ணெயில ஊறினேன். திரும்பி வந்து டூட்டி ஏறினா ஒருத்தரும் முன் சீட்டுல உக்கார மாட்டேங்கிறாங்க, அவ்வளவு வாடை. நம்ம வண்டிக்கு 'தைல வண்டி'ன்னே பேரு வச்சுட்டாங்க. காய்கறிக்காரம்மா ஒருத்தி ஏறுனவுடனே, "மாயண்ணே, எனக்கும் மூக்கடைப்பு, கொஞ்ச நேரம் உங்க பக்கத்துல நின்னுக்கிறேன்"ங்கும்.

ஜெயக்கொடி எதையும் வீணாக்க மாட்டா சார். எனக்கு எண்ணெய் தேச்சு முடிச்சா உள்ளங்கையில மிச்சம் ஒட்டியிருக்கும்ல, அதை அவ முழங்கால்ல வழிச்சுக்கிருவா. ரெண்டு காலுலயும் நல்லா அழுத்தி. அப்படிச் சிக்கனம். ஆனா கொஞ்சம் சோம்பேறி, அதையும் சொல்லணும். எங்க வீடு மாடியில. பதினாலு படி. அதை ஏறுறதுக்கு நடுவுல ஒரு தரம் உக்காந்து எந்திரிச்சுத்தான் வருவா. கேட்டா, "காத்து வாங்குறேன்"ம்பா.

ஏய், ஆட்டைப் பிடிப்பா! ரோட்டுல என்ன மாநாடா நடத்துறே? ... மன்னிச்சுக்கங்க சார். எதுல விட்டேன்?

ஆங், லைட் டூட்டிக் கதைக்கு வர்றேன். எங்கள்ல வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு உடம்பு போச்சுன்னா லைட் டூட்டி கேக்கலாம். மெடிக்கல் போர்டுன்னு ஒண்ணு இருக்கு. மூணு டாக்டருங்க உக்காந்து பாத்து, இவரு ஓட்ட லாயக்கில்லன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் ரூம்ல போட்டுருவாங்க. நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ரூமைப் பாத்திருக்கீங்களா? சுத்துற நாற்காலி சார்! தலைக்கு மேல ஃபேனு. முன்னாடி மைக்கு. "மூணாவது பிளாட்பாரம், வண்டிய எடுங்க, எடுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு சுத்துச் சுத்தி டீயைக் குடிக்கலாம். எனக்குக் கனவுலயே அந்த நாற்காலிதான் வரும். டாக்டரு வேற சொல்லிட்டாரு, இப்படியே இன்னும் ரெண்டு வருசம் ஓட்டினா காலு மரத்துப்போயிரும், அப்புறம் ஆபரேசன்தான்னு. எனக்கு சர்வீஸ் இன்னும் ஏழு வருசம் கெடக்கு. கணக்குப் பண்ணிக்கங்க. லைட் டூட்டி கெடச்சா நான் மனுசனாத் தப்பிச்சேன், இல்லேன்னா என்னை வண்டியிலருந்து தூக்கித்தான் இறக்கணும்.

ரெண்டரை வருசம் அலைஞ்சேன் சார் அந்தப் பேப்பருக்கு. கடைசியா வந்துச்சு தேதி. புதன்கிழமை, காலை பத்து மணி, போர்டு முன்னால ஆஜராகணும்.

இங்கதான் சார் ஜெயக்கொடி ஒரு காரியம் பண்ணினா. எந்தப் பொம்பளையும் பண்ண மாட்டா. அவ அந்தப் பேப்பரை வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தா. "மூணு பெரிய டாக்டருங்க முன்னால போய் நிக்கப் போறீங்க. இப்படிக் கோணலா, எண்ணெய்ச் சட்டையோட போய் நின்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக? கட்டுனவ கவனிக்கலன்னுதானே நெனைப்பாக?" அப்படிங்கிறா. நானும் மண்டையை ஆட்டிட்டேன். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பெரியவங்க முன்னால போறோம்னா கொஞ்சம் பாக்குற மாதிரிப் போகணும்ல?

பத்து நாள் மெடிக்கல் லீவு போட்டேன். ஒம்பது நாளு சார், காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நொச்சி, எருக்கு, புளிய இலை, கல்லுப்பு எல்லாத்தையும் வறுத்து, துணியில பொட்டலமாக் கட்டி, சூடு தணிய விடாம ஒத்தி ஒத்தி எடுத்தா. என்னையத் தரையில குப்புறப் படுக்க வச்சு, பக்கத்துல மண்டி போட்டு உக்காந்துக்கிட்டு. முடிச்சு எந்திரிக்கும்போது மட்டும் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு "ஸ்ஸ்ஸ்"ன்னு ஒரு சத்தம் விடுவா. பொட்டலம் சுட்டிருக்கும்னு நெனச்சுக்குவேன்.

இதுக்குப் பேருதான் சார் வெனை! நீங்க யோசிச்சுப் பாருங்க. வலி இருக்குன்னு நிரூபிக்கப் போறவனை, வலி போற மாதிரி உருவி எடுத்து அனுப்புறா. ஊர் உலகத்துல நடக்குமா?

புதன்கிழமை விடிஞ்சுச்சு. கண்ணை முழிச்சேன். வழக்கமா நான் முழிக்கிறதுக்கு முன்னாடியே வலி முழிச்சிருக்கும். அன்னைக்கு இல்ல. சரி, இன்னும் தூங்குதுபோலன்னு கொஞ்ச நேரம் அசையாமப் படுத்துக் கெடந்தேன். லேசா இடது பக்கம் திரும்பிப் பாத்தேன். இல்ல. வலது பக்கம். இல்ல. எந்திரிச்சு உக்காந்தேன், காலைத் தரையில வச்சேன், நின்னேன். இல்ல சார்! சாவியத் தொலைச்சவன் பையத் தடவுற மாதிரி இடுப்பைத் தடவுறேன், முழங்காலைத் தடவுறேன், தோளைத் தடவுறேன், எங்கேயும் இல்ல. குனிஞ்சேன். தரை தொட்டுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. என் கால் கட்டை விரலை ஒம்பது வருசம் கழிச்சுப் பக்கத்துல பாக்குறேன் சார். நல்லா இருக்கியாடான்னு கேக்கத் தோணுச்சு.

ஜெயக்கொடி ஷூவை எடுத்துக்கிட்டு வர்றா. நான் குனிஞ்சு, ஒரு ஷூவை மாட்டி, கயித்தைக் கட்டி, இன்னொண்ணுக்குக் கையை நீட்டுறேன். அவ அந்த ஷூவைக் கையில வச்சுக்கிட்டுச் சிலை மாதிரி நிக்கிறா. நான் அடுப்படிக்குப் போயி கேஸ் சிலிண்டரைத் தூக்கி இந்த மூலையில வச்சேன். மறுபடி தூக்கி அந்த மூலையில வச்சேன். தட்டாமாலை சுத்தினேன். அவளும் கையைத் தட்டிச் சிரிக்கிறா. அப்புறம் சட்டுன்னு வாயைப் பொத்திக்கிட்டா. "ஐயையோ, இன்னைக்குத்தானே போர்டு!"

அப்பத்தான் சார் எனக்கு நாற்காலி ஞாபகம் வந்துச்சு.

என்ன பண்றது? வலிய எப்படியாச்சும் திருப்பிக் கொண்டாரணும். மணி ஏழு. போர்டு நடக்குற ஊருக்கு ஒன்றரை மணி நேரம். நான் அவளையும் கூட்டிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, அய்யணன் ஓட்டுற வண்டியாப் பாத்து ஏறினேன். எங்க டிப்போவுல அய்யணனுக்கு 'குலுக்கி'ன்னு பேரு. அவன் ஓட்டுற வண்டியில பால் கேனை ஏத்தினா வெண்ணெயா இறங்கும். ஜெயக்கொடிய முன் சீட்டுல உக்கார வச்சுட்டு நான் போயி கடைசி சீட்டுல, நட்ட நடுவுல உக்காந்தேன். "அய்யணா, இன்னைக்கு ஒரு பள்ளத்தையும் விடாதடா"ன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோசம். அவன் சர்வீசுல அப்படி யாரும் கேட்டதில்ல.

பறந்தேன் சார்! ஒவ்வொரு மேட்டுக்கும் அரை அடி மேல போயி தொப்புனு விழுறேன். பக்கத்துல இருந்த கிழவரு அய்யணனோட ஏழு தலைமுறையையும் திட்டுறாரு. நான் மட்டும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"ங்கிறேன். ஒண்ணும் வரல. இடுப்பு என்னடான்னா இலவம் பஞ்சு மாதிரி இருக்கு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், சிரிச்சாலும் வலிக்கல. ஒம்பது வருசமா சிரிச்சா வலிக்கும் சார், உங்களுக்குத் தெரியும்ல? தும்மினா? அதைக் கேக்கவே வேணாம்.

சரி, நடிச்சிருவோம்னு முடிவு பண்ணினேன். ஒம்பது வருசம் பழகுன வலி, எனக்குத் தெரியாத நடிப்பா?

போர்டு ரூமுக்கு வெளியே எங்காளுக ஏழெட்டுப் பேரு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள மூணு டாக்டருங்க. நடுவுல ஒரு அம்மா, நரைச்ச முடி, மூக்குக் கண்ணாடி. ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "ஐயோ பாவம்"னுட்டாங்க. என்னையக் கட்டில்ல படுக்கச் சொன்னாங்க. பக்கத்துல வந்ததும் நான் "ஆத்தா!"ன்னு ஒரு கத்துக் கத்தினேன். "இன்னும் நான் தொடவே இல்லையே"ன்னாங்க. "தொடுவீங்கன்னு நெனச்சாலே வலிக்குது மேடம்"னேன். காலைத் தூக்கினாங்க. முப்பது டிகிரியில கத்தினேன். மடக்கினாங்க. கத்தினேன். பக்கத்துல இருந்த டாக்டரு, "இந்த ஸ்கேனை வச்சுக்கிட்டு இவரு இத்தனை நாள் பஸ் ஓட்டினதே பெரிய விசயம்"ங்கிறாரு. அம்மா பேனா மூடியைத் திறந்துட்டாங்க. எனக்கு அங்க படுத்துக்கிட்டே நாற்காலி சுத்துது, ஃபேன் காத்து வருது.

அப்பப் பாத்து வெளிய 'கர்ர்ர்ர்'ன்னு ஒரு சத்தம்.

உங்களுக்குச் சொன்னாப் புரியுமான்னு தெரியல சார். ரிவர்ஸ் கியர் விழாம அரைக்கிற சத்தம். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். மறுபடி 'கர்ர்ர்ர்'. அப்புறம் விழுந்துருச்சு, எஞ்சின் எகிறுது. ஜன்னல் வழியாப் பாத்தா, ஒரு தண்ணி லாரி பின்னாடி வருது. வராண்டா ஓரமா, சுவத்துல சாஞ்சு, நோயாளிகளோட வந்த சனம் பத்துப் பதினஞ்சு பேரு சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சு உக்காந்திருக்கு. லாரி நேரா அவங்களப் பாத்து வருது. அந்த டிரைவரு வெளிய தலையை நீட்டுறது தப்பான பக்கம்!

நான் எப்ப எந்திரிச்சேன், எப்பக் கதவைத் தாண்டினேன்னு எனக்கே தெரியாது. வராண்டாவுக்கு இடுப்பு உசரத்துக்கு ஒரு கட்டைச் சுவரு. அதை ஒரு கையை ஊனித் தாவிட்டேன். "ஹோல்டான்! ஹோல்டான்! நிறுத்துடா!"ன்னு லாரியோட பின்பக்கத்தைப் பட்டு பட்டுன்னு தட்டுறேன். நின்னுச்சு. ஒரு முழம் பாக்கி. அந்த டிரைவரு வெளிறிப் போய் உக்காந்திருக்கான், நேத்துத்தான் வேலைக்குச் சேந்தானாம். "இறங்குப்பா நீ"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வண்டி. முன்னாடி எடுத்து, லெஃப்டுல ஒடிச்சு, அப்படியே வழுக்குன மாதிரி ரிவர்ஸ்ல விட்டேன். ஒரே இழுப்பு சார்! தொட்டிக்கும் குழாய்க்கும் நேரா, நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. அந்தச் சனம் பூராம் கை தட்டுது. நானும் இறங்காம, ஆர்ன் வேற அடிச்சுப் பாத்தேன்.

அப்புறந்தான் மேல பாக்குறேன். ஜன்னல்ல மூணு டாக்டருங்க.

உள்ள போனேன். திரும்பவும் கோணலா நடந்துதான் போனேன். ரொம்பக் கோணல். அந்தம்மா கேட்டாங்க: "காசிமாயன், அந்தச் சுவரை எப்படித் தாண்டினீங்க?"

"எந்தச் சுவரு மேடம்?"

மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. கோவமே படல. 'ஓட்டுநர் பணிக்குத் தகுதியானவர்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு வச்சுக் குடுத்துட்டாங்க. குடுக்கும்போது அந்தம்மா சொன்னாங்க: "ஸ்கேன்ல இருக்கிறது அப்படியே இருக்கு. இன்னைக்கு எதுனாலயோ சும்மா இருக்கு. பாரம் மட்டும் தூக்கிறாதீங்க. தூக்கினா அன்னைக்கே திரும்பி வந்துரும். ஆறு மாசம் கழிச்சு வேணும்னா மறுபடி வாங்க."

ரெண்டரை வருசப் பேப்பரு போச்சு. யாரு தப்பு சொல்லுங்க? என் தப்பா? பாதி அந்தத் தண்ணி லாரிக்காரன் தப்பு, பாதி ஜெயக்கொடி தப்பு. எனக்கு வண்டியப் பாத்தாலே ஆகாது சார், நான் என்ன ஆசைப்பட்டா ஏறினேன்? ... இந்த வளைவைப் பாருங்க. ரெண்டாவது கியர்ல விட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாம... ஆகா! அப்படியே திரும்புது பாருங்க. கழுதை, அழகா வரும்.

வேப்ப மரத்தடியில ஜெயக்கொடி நின்னா. பேப்பரைக் காட்டினேன். படிச்சா. ஒரு நிமிசம் மூஞ்சி தொங்கிப் போச்சு. நான் சுவரு தாண்டின கதையைச் சொன்னேன். "நீங்களா? தாண்டுனீகளா?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, சேலைத் தலைப்பை வாயில வச்சு அடக்கிப் பாக்குறா, முடியல. எனக்கும் பத்திக்கிச்சு. வேலை போன வீட்டுல சிரிக்கிற மாதிரி ரெண்டு பேரும் நின்னு சிரிக்கிறோம், போறவன் வர்றவன்லாம் பாக்குறான்.

அந்த ஊருல கரட்டு மேல ஒரு முருகன் கோயில் இருக்கு. அறுபத்து நாலு படி. லைட் டூட்டி கெடச்சா ரெண்டு பேரும் ஏறி வர்றோம்னு அவ வேண்டியிருந்தா. "லைட் டூட்டி இல்லேன்னா என்ன, வலி போச்சுல்ல, வா அதுக்கு ஏறுவோம்"னு கூட்டிட்டுப் போனேன். அடிவாரத்துக்கு வந்ததும், "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்"னு முதல் படியில உக்காந்துக்கிட்டா. சோம்பேறின்னு சொன்னேன்ல?

நான் ஓடினேன் சார். மேல ஏறிக் கையை ஆட்டினேன். கீழ ஓடி வந்தேன். அவ சிரிக்கவும் மறுபடி ஏறினேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். ஐம்பத்து மூணு வயசு ஆளு, யூனிஃபார்ம் சட்டையோட, மொட்டை வெயில்ல. பூசாரி, "என்னப்பா வேண்டுதலா?"ன்னு கேட்டாரு.

மூணாவது தடவை மேல மண்டபத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நின்னு கீழ பாத்தேன். நான் பாக்குறது அவளுக்குத் தெரியாது. மஞ்சப் பையிலருந்து எண்ணெய் பாட்டிலை எடுக்கிறா. எனக்குன்னு கொண்டாந்தது. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, முழங்கால்ல ஊத்தி, தேய்க்கிறா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு. அந்த மூஞ்சியை எனக்குத் தெரியும் சார். ஒம்பது வருசமாக் கண்ணாடியில பாக்குற மூஞ்சி. அது என் மூஞ்சி.

அப்பத்தான் எல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. பதினாலு படியில காத்து வாங்குனது. உள்ளங்கை எண்ணெயை வழிச்சுக்கிட்டது. கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சது. நான் மெதுவா நடக்கிறதால அவளும் எனக்காக மெதுவா நடக்கிறான்னு நெனச்சிருந்தேன் சார் இத்தனை வருசமும். எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு. வீட்டுல ஒரு ஆளுக்குத்தான் வலி இருக்கலாம்னு நான் எடத்தைப் பிடிச்சுப் படுத்துக்கிட்டேன், அவளுக்குப் படுக்க எடமில்லாமப் போச்சு.

இறங்கிப் போனேன். அவ முன்னால முதுகைக் காட்டிக் குத்த வச்சு உக்காந்தேன். "ஏறு"ன்னேன். "என்னய்யா ஏறு?" "உப்பு மூட்டை. ஏறு." "யோவ், உனக்கென்ன கிறுக்கா? எல்லாரும் பாக்குறாக!" "இன்னைக்கு ஒரு நாதான் எனக்கு இடுப்பு இருக்கு. ஏறுடி"ன்னேன். ஏறிட்டா.

ஜெயக்கொடி எழுபத்திரெண்டு கிலோ சார். வெளிய சொல்லிறாதீங்க. முதல் பத்துப் படி அவ வெக்கத்துல என் முதுகுல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டா. அப்புறம் அவளுக்கே குஷியாயிருச்சு. காதுக்குள்ள படியை எண்ண ஆரம்பிச்சா, பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி. "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..." வர்றவங்க ஒதுங்கி வழி விடுறாங்க, ஒரு கல்யாணக் கூட்டம் விசிலடிக்குது. நான் "ஆர்ன் அடிடி"ங்கிறேன். அவ அடிக்கிறா சார், வாயால! "பாம் பாம்"ங்கிறா! அப்படி நாங்க கல்யாணமான புதுசுலகூடச் சிரிச்சதில்ல.

ஐம்பத்தெட்டாவது படியில என் இடுப்புக்குள்ள 'டக்'குனு ஒரு சத்தம்.

அவ எண்ணுறதும் அங்க நின்னு போச்சு. மூச்சு வாங்கிருச்சுபோல. அப்புறம் மெதுவா, "ஐம்பத்தொம்பது"ன்னா. மிச்ச ஆறு படியை எப்படி ஏறினேன்னு முருகனுக்கும் எனக்கும்தான் தெரியும். மேல போய் அவளை இறக்கி விட்டு, தூணைப் பிடிச்சுக்கிட்டு, "பாத்தியா, ஒண்ணும் ஆகல"ன்னு பல்லைக் காட்டினேன். "ஆமா, ஒண்ணும் ஆகல"ன்னு அவளும் சொன்னா. இறங்கும்போது, "நடந்தா வழுக்கும், உக்காந்து இறங்குவோம்"னு அவளாத்தான் சொன்னா. நல்லவேளை. ரெண்டு பேரும் ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து, சறுக்கு வெளையாடுற புள்ளைக மாதிரி இறங்கினோம். முக்கால் மணி நேரமாச்சு. வழியெல்லாம் சிரிப்பு.

மறுநாளு, 'டூட்டி ஏறினேன், வேகத்தடையில வலி வந்துருச்சு'ன்னு அவகிட்டச் சொன்னேன். நம்பிட்டா.

இப்ப மறுபடி போர்டு வருது சார், அடுத்த புதன்கிழமை. இந்தத் தடவை உஷாரு. எனக்கு ஒத்தடம் கித்தடம் எதுவும் கூடாதுன்னுட்டேன். நொச்சி, எருக்கு, கல்லுப்பு எல்லாம் இப்ப அவ முழங்காலுக்கு. நான்தான் குடுக்கிறேன். காலையில டூட்டிக்கு முன்னாடி அரை மணி, சாயங்காலம் அரை மணி. குனிஞ்சு குனிஞ்சு குடுக்கிறதுல எனக்கு வலி சும்மா ஜம்முனு ஏறியிருக்கு. நெளியுறேன் சார்! போர்டுக்கு அருமையா இருக்கும். நடிக்கவே வேண்டியதில்ல. நாற்காலி இந்தத் தடவை எனக்குத்தான்.

இந்தா வந்துருச்சு நாகலாறு விலக்கு. சிவப்புக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, அதான் ஜெயக்கொடி. வைத்தியர்கிட்டக் காலைக் காட்ட நான்தான் முதல் டிரிப்புல கொண்டாந்து விட்டேன். வைத்தியர் வீடு எதுன்னு கேளுங்க, காட்டுவா. அந்த ஐம்பத்தெட்டாவது படி விசயத்தை மட்டும் அவகிட்ட மூச்சு விட்றாதீங்க. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, தன்னாலதான்னு ஒடஞ்சு போயிருவா.

நேத்து ஒத்தடம் குடுக்கும்போதுகூட என் தலையைத் தடவிக்கிட்டே, "நாம அன்னைக்கு ஐம்பத்தெட்டுப் படியோட நிப்பாட்டியிருக்கலாம்யா"ங்கிறா. அறுபத்து நாலு படியில போய் ஐம்பத்தெட்டுல எதுக்கு நிப்பாட்டணும்? அங்க சாமியும் இல்ல, மண்டபமும் இல்ல. அவளுக்குக் கணக்கு எப்பவுமே கொஞ்சம் வீக்கு சார்.

மெதுவா, மெதுவா. அவசரமில்ல. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கங்க, வண்டி நிக்கும். பாய், சாரு இறங்குற வரைக்கும் விசில் அடிக்காதீங்க.